திரவப் படிகங்கள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

திரவப் படிகம் என்பது திண்மமா, திரவமா?

இரண்டும் அன்று; அது தனக்கென்று பண்புகளைக் கொண்ட தனியொரு நிலை. படிகத் திண்மத்தில் ஒவ்வொரு மூலக்கூறுக்கும் ஓர் இடம் உண்டு, அது நோக்கும் திசைக்கும் ஓர் ஒழுங்கு உண்டு. சாதாரணத் திரவத்தில் இவ்விரண்டுமே இல்லை. திரவப் படிகத்திலோ இட ஒழுங்கு முழுவதுமாகவோ பெருமளவிலோ மறைந்துவிட, திசை ஒழுங்கு மட்டும் எஞ்சி நிற்கிறது. ஆற்றின் ஓட்டத்தை எதிர்த்து நீந்தும் மீன்கூட்டத்தை நினைத்துக்கொள்ளலாம்: எந்த மீனும் ஓரிடத்தில் நிலைத்திருப்பதில்லை, ஆனால் எல்லா மீன்களின் உடலும் ஏறத்தாழ ஒரே கோட்டில் நீண்டிருக்கும். அதனால்தான் இப்பொருள் சாய்த்தால் வழிகிறது. அதே வேளையில் அதன் ஒளிவிலகல் எண்ணும் மின் பண்புகளும் பாகுநிலையும் திசைக்குத் திசை வேறுபடுகின்றன.

இந்த உவமையில் ஒரு திருத்தம் தேவை. மீன்கள் யாவும் தலையை ஒரே பக்கம் வைத்திருக்கும். வழக்கமான திரவப் படிகத்தில் அப்படியில்லை. மூலக்கூறுகளில் பாதி இப்பக்கமும் மறுபாதி அப்பக்கமும் தலை வைத்திருக்கின்றன. கோடு ஒன்றுதான், தலைமாட்டில் மட்டும் உடன்பாடு இல்லை. இது சிறு செய்தியாகத் தோன்றினாலும் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டியது. கடைசிக் கேள்விக்கு இது தேவைப்படும்.

அப்படியானால் அதைப் பாதி உருகிய திண்மம் என்று சொல்லலாமா?

சொல்லக் கூடாது. உருகிக்கொண்டிருக்கும் பனிக்கட்டியில் திண்மமும் திரவமும் அருகருகே இருக்கின்றன. வெப்பம் தொடர்ந்து கிடைத்தால் ஒன்று குறைந்து மற்றொன்று கூடும். திரவப் படிகத்தில் அத்தகைய கலவை இல்லை. கொலஸ்டெரில் பென்சோயேட் என்னும் சேர்மம் 145.5 டிகிரி செல்சியஸில் உருகிக் கலங்கலான திரவமாகிறது. அந்தக் கலங்கல் 178.5 டிகிரி வரை அப்படியே நீடித்து, அங்கே சட்டென்று தெளிகிறது. குளிர்வித்தால் இதே மாற்றங்கள் எதிர்வரிசையில் நடக்கின்றன. இரு எல்லைகளுக்கும் இடைப்பட்ட நிலை முழுவதும் ஒரே சீரான பொருள்தான். முதல் மாற்றத்திற்கு மிகுந்த வெப்பம் செலவாகிறது. இரண்டாவதற்கு அதில் ஒரு சிறு பங்கே போதும். இடத்தைக் கலைப்பதுதான் கடினம், எஞ்சியிருக்கும் திசை ஒழுங்கைக் கலைக்கச் சிறிதளவு வெப்பமே போதும் என்று இதற்குப் பொருள்.

இதை முதலில் கண்டறிந்தவர் யார்?

மேலே சொன்ன இரண்டு வெப்பநிலைகளையும் 1888இல் பிராகா நகரில் பதிவு செய்தவர் ஃபிரெடரிக் ரைனிட்சர் என்னும் ஆஸ்திரியத் தாவரவியலாளர். கொலஸ்டெராலின் வேதியியல் வாய்பாட்டை உறுதி செய்யும் நோக்கத்தில் அவர் இந்தச் சேர்மத்தை ஆராய்ந்துகொண்டிருந்தார். ஒரு பொருளுக்கு ஓர் உருகுநிலைதான் இருக்க வேண்டும்; இதற்கு இரண்டு இருந்தன. போதாக்குறைக்கு, குளிரும்போது ஊதாவும் நீலமுமாக நிறங்கள் தோன்றி மறைந்தன. தம் துறைக்கு இது அப்பாற்பட்டது என்று உணர்ந்த அவர், அந்த ஆண்டு மார்ச் மாதத்தில் ஓட்டோ லேமன் என்னும் ஜெர்மானிய இயற்பியலாளருக்கு மாதிரிகளுடன் ஒரு நீண்ட கடிதம் எழுதினார். சூடாக்கும் மேடையையும் தளவிளைவுற்ற ஒளியையும் (அதாவது ஒரே தளத்தில் மட்டும் அதிரும் ஒளியையும்) கொண்ட நுண்ணோக்கி லேமனிடம் இருந்தது. கலங்கலான அந்தத் திரவம் படிகங்களைப் போலவே ஒளியை இரண்டாகப் பிரிப்பதை அவர் கண்டு, 1889இல் 'பாயும் படிகங்கள்' என்ற பெயரில் கட்டுரை வெளியிட்டார்.

அறிஞர் உலகம் இதை எளிதில் ஏற்கவில்லை. குஸ்டாவ் டாமன் போன்ற வேதியியலாளர்கள், இது ஒன்றோடொன்று கலவாத இரு பொருள்களின் பால்மம் மட்டுமே, கலங்கல் என்பது தூய்மையின்மையின் அடையாளம் என்று வாதிட்டனர். அந்த ஐயம் நியாயமற்றதன்று. கலங்கிய நீரைக் கண்டால் கசடு இருப்பதாக எண்ணுவதே எவருக்கும் இயல்பு. ஆனால் எத்தனை முறை தூய்மைப்படுத்தியும் கலங்கல் போகவில்லை. ஹாலே பல்கலைக்கழகத்தில் டானியல் ஃபோர்லாண்டரும் அவருடைய மாணவர்களும் இதே இயல்புள்ள புதுச் சேர்மங்களை நூற்றுக்கணக்கில் உருவாக்கிக் காட்டிய பின்னர் அந்த எதிர்ப்பு தளர்ந்தது.

தூய்மையான பொருள் ஏன் கலங்கலாக இருக்கிறது?

மூலக்கூறுகளின் சராசரித் திசை ஓரிடத்தில் சற்று இப்படியும், நுண்ணிய தொலைவு தள்ளி சற்று அப்படியும் ஓயாமல் அசைந்துகொண்டிருக்கிறது. திசை மாறினால் ஒளிவிலகல் எண்ணும் மாறும். அவ்வாறு மாறும் இடங்களிலெல்லாம் ஒளி சிதறும். இந்தச் சிதறல் சாதாரணத் திரவத்தில் நிகழ்வதைப் போல ஏறத்தாழ பத்து இலட்சம் மடங்கு வலிமையானது. ஆகவே டாமன் கசடு என்று கருதியது உண்மையில் ஒழுங்கின் வெளிப்பாடு. திசை ஒழுங்கு இல்லையென்றால் அசைவதற்கும் ஒன்றுமில்லை, சிதறுவதற்கும் ஒன்றுமில்லை. திரவப் படிகத்தைப் பற்றி ஒரே ஒரு செய்தியைத்தான் சொல்லலாம் என்றால் நான் இதைத்தான் சொல்வேன். இதன் வரலாற்றில் முக்கியமான திருப்பங்கள் பலவற்றில், கலங்கலைக் கண்டு ஒதுக்காமல் அது என்னவென்று பார்த்தவர் ஒருவர் இருந்திருக்கிறார்.

எல்லாச் சேர்மங்களும் இந்நிலையை அடையுமா?

அடையா. மூலக்கூறின் வடிவமே இதை முடிவு செய்கிறது. நீண்டு மெலிந்த கோல் போன்ற மூலக்கூறுகளுக்கு இந்த வாய்ப்பு மிகுதி என்பது ஃபோர்லாண்டரின் ஆய்வுகளில் தெளிவாயிற்று. பொதுவாக அவற்றின் நடுவே, பென்சீன் வளையங்களைக் கோத்தாற்போல் விறைப்பான ஒரு பகுதியும், ஒரு முனையிலோ இரு முனைகளிலுமோ நெகிழ்வான ஒரு கார்பன் சங்கிலியும் இருக்கும். விறைப்பான பகுதி மூலக்கூறுகளை இணையாக நிற்கச் செய்கிறது. நெகிழ்வான வால் அவை இறுகிப் படிகமாகிவிடாமல் தடுக்கிறது.

கோல் வடிவம்தான் வேண்டும் என்ற எண்ணம் 1977இல் மாறியது. பெங்களூரில் உள்ள ராமன் ஆய்வு நிறுவனத்தில் எஸ். சந்திரசேகரும் அவருடைய குழுவினரும், தட்டையான வட்டு வடிவ மூலக்கூறுகளும் திரவப் படிகமாகும் என்று காட்டினர். (விண்மீன்களை ஆராய்ந்து நோபல் பரிசு பெற்ற சுப்பிரமணியன் சந்திரசேகர் வேறொருவர்.) இந்த வட்டுகள் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கித் தூண்களாகின்றன, தூணுக்குள் அவை திரவம் போல் இளகியும், தூண்கள் தமக்குள் ஒழுங்காகவும் நிற்கின்றன. திரைகளின் பார்வைக் கோணத்தை விரிவாக்கும் மெல்லிய படலங்களில் வட்டு வடிவ மூலக்கூறுகள் பின்னாளில் பயன்பட்டன. வளைந்த வாழைக்காய் வடிவ மூலக்கூறுகளும் தமக்கே உரிய நிலைகளை உண்டாக்குகின்றன.

திரவப் படிகங்களின் வகைகள் யாவை?

உண்டாகும் வழியைக் கொண்டு முதலில் இரண்டாகப் பிரிப்பர். வெப்பநிலை மாற்றத்தால் தோன்றுபவை தெர்மோட்ரோபிக். ஒரு கரைப்பானில் செறிவு கூடும்போது தோன்றுபவை லயோட்ரோபிக். காட்சித் திரைகளில் உள்ளவை முதல் வகை, சோப்புக் கரைசலிலும் உயிரணுக்களிலும் உள்ளவை இரண்டாம் வகை.

ஒழுங்கின் தன்மையைக் கொண்டு பிரிக்கும் முறையை 1922இல் ஜார்ஜ் ஃபிரிடேல் என்னும் பிரெஞ்சு அறிஞர் வகுத்தார். அவர் இட்ட பெயர்களே இன்றும் வழங்குகின்றன. நெமாட்டிக் வகையில் திசை ஒழுங்கு மட்டுமே உண்டு. நுண்ணோக்கியில் நூலிழைகள் போன்ற கோடுகள் தெரிவதால் நூலைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லிலிருந்து இப்பெயர் வந்தது; அந்த இழைகள் உண்மையில் திசை ஒழுங்கு முறிந்துபோன குறைகள். ஸ்மெக்டிக் வகையில் மூலக்கூறுகள் திசை ஒழுங்கோடு அடுக்குகளாகவும் அமைகின்றன. ஓர் அடுக்கின் தடிப்பு பெரும்பாலும் ஒரு மூலக்கூறின் நீளத்தை ஒத்தது; அடுக்குக்குள் மூலக்கூறுகள் தாராளமாக நகரும், அடுக்கு விட்டு அடுக்கு தாவுவது அரிது. அடுக்குக்குச் செங்குத்தாக நிற்பவை ஸ்மெக்டிக் 'ஏ' என்றும், சாய்ந்து நிற்பவை ஸ்மெக்டிக் 'சி' என்றும் பிரிக்கப்படுகின்றன.

மூன்றாவதான கொலஸ்டெரிக் வகை, நெமாட்டிக்கைத் திருகி விட்டது போன்றது. இடக்கை வலக்கை போல ஒன்றின்மேல் ஒன்று பொருந்தாத ஆடிவடிவம் கொண்ட மூலக்கூறுகள் அருகருகே நிற்கும்போது சற்றே திரும்பி நிற்க விழைகின்றன. அந்தச் சிறு திருப்பம் சேர்ந்துகொண்டே போக, மூலக்கூறுகளின் திசை சுழற்படி போலச் சுற்றி வருகிறது. ரைனிட்சர் கண்டது இவ்வகையைத்தான். கொலஸ்டெரால் சேர்மங்களில் முதலில் காணப்பட்டதால் இப்பெயர் நிலைத்தது. கொலஸ்டெராலுடன் தொடர்பே இல்லாத பல பொருள்களும் இதில் அடங்கும்.

வெப்பநிலையைக் காட்டும் நிறப்பட்டைகள் எவ்வாறு இயங்குகின்றன?

அவற்றில் கொலஸ்டெரிக் படிகம் நுண்ணிய உறைகளுக்குள் அடைக்கப்பட்டுக் கறுப்புப் பின்னணியின்மேல் பூசப்பட்டிருக்கிறது. திசை ஒரு முழுச் சுற்றுச் சுற்றி முடிக்கும் தொலைவைப் புரியிடைத் தூரம் என்பர். இத்தூரத்தைச் சராசரி ஒளிவிலகல் எண்ணால் பெருக்கினால் எந்த அலைநீளம் எதிரொளிக்கப்படும் என்பது கிடைக்கும். ஏறத்தாழ 270 முதல் 470 நானோமீட்டர் வரையிலான புரியிடைத் தூரத்திற்குக் கண்ணுக்குப் புலப்படும் நிறங்கள் கிடைக்கின்றன. இப்பட்டைகளில் பயன்படும் கலவைகளில் வெப்பம் கூடினால் சுருள் நெருக்கமாகிறது. ஆகவே குளிர்ந்த எல்லையில் சிவப்பும், சூடேறும்போது பச்சையும், பின்னர் நீலமும் தோன்றுகின்றன. சூடு என்றால் சிவப்பு என்று பழகியவர்களுக்கு இது தலைகீழாகத் தெரியும். நெற்றியில் ஒட்டும் பட்டைகள் விரைவான மதிப்பீட்டுக்கு உதவுமே தவிர, உடல் வெப்பமானியின் துல்லியத்தை அவற்றிடம் எதிர்பார்க்கக் கூடாது.

இந்த நிறத்தில் சாயம் எதுவும் இல்லை, அமைப்பே நிறமாகிறது. சில பொன்வண்டு இனங்களின் பளபளப்பும் இதே வழியில் வருவது. அவற்றின் ஓட்டில் உள்ள நுண்ணிழைகள் சுருளாக அடுக்கப்பட்டிருக்கின்றன. அந்த ஒளி ஒரு பக்கமாகவே சுழலும் தளவிளைவைக் கொண்டிருப்பதை 1911இலேயே ஆல்பர்ட் மைக்கல்சன் என்னும் அமெரிக்க இயற்பியலாளர் கண்டறிந்தார்.

எல்.சி.டி. (திரவப் படிகக் காட்சி) திரை எவ்வாறு படம் காட்டுகிறது?

அடிப்படையான முறுக்கு நெமாட்டிக் அமைப்பை விளங்கிக்கொண்டால் மற்றவை எளிது. மின்கடத்தும் ஒளிபுகு பூச்சு கொண்ட இரு கண்ணாடித் தகடுகளுக்கு இடையே ஒருசில மைக்ரோமீட்டர் தடிப்பில் நெமாட்டிக் படிகம் நிரப்பப்படுகிறது. தகடுகளின் உட்புறத்தில் உள்ள பலபடிப் (பாலிமர்) படலத்தை ஒரே திசையில் துணியால் தேய்த்தால், அதை ஒட்டிய மூலக்கூறுகள் அத்திசையிலேயே படுத்துக்கொள்ளும். மேல்தகட்டின் தேய்ப்புத் திசை கீழ்த்தகட்டினதற்குச் செங்குத்தாக அமைவதால், இடையில் உள்ள மூலக்கூறுகள் 90 டிகிரி முறுக்கிக்கொள்கின்றன. இரு வெளிப்புறங்களிலும் தளவிளைவுத் தாள்கள் ஒன்றுக்கொன்று குறுக்காக ஒட்டப்பட்டிருக்கின்றன. நடுவில் எதுவும் இல்லாவிட்டால் அவ்விரு தாள்களும் சேர்ந்து ஒளியை முற்றாக மறித்துவிடும். ஆனால் முதல் தாளைக் கடந்த ஒளியின் அதிர்வுத் தளம் முறுக்கைப் பின்பற்றி 90 டிகிரி திரும்புவதால், இரண்டாம் தாளையும் அது கடந்துவிடுகிறது. அவ்விடம் வெளிச்சமாகத் தெரிகிறது. மின்னழுத்தம் கொடுத்தால் மூலக்கூறுகள் புலத்தின் திசையில் நிமிர்ந்து முறுக்கு குலைகிறது, ஒளி தடைப்படுகிறது, அவ்விடம் இருள்கிறது. கணிப்பான்களில் உள்ள கறுப்பு எண்கள் இவ்வாறு தோன்றுபவையே.

இதற்கு வேண்டிய மின்னழுத்தம் ஓரிரு வோல்ட்டுகளே. குறிப்பிட்ட அளவைத் தாண்டிய பின்னரே மூலக்கூறுகள் நிமிரத் தொடங்குகின்றன என்பதை 1927இல் ரஷ்ய இயற்பியலாளர் ஃபிரெடெரிக்ஸ் காந்தப்புலத்தைக் கொண்டு காட்டியிருந்தார். மின்புலத்தில் இவ்வெல்லை மின்னழுத்தம் படலத்தின் தடிப்பைச் சார்ந்ததன்று. தடிப்பைப் பாதியாக்கினால் தேவையான புலம் இரட்டிப்பாகும், மின்னழுத்தம் அதே அளவில் நிற்கும். மூலக்கூறுகளைத் தனித்தனியே திருப்ப முயன்றால் வெப்ப அசைவை வெல்ல மாபெரும் புலம் வேண்டியிருக்கும். அவை ஒன்றையொன்று சார்ந்து கூட்டமாக நிற்பதால்தான் ஒரு சிறு மின்கலத்தின் வலிமைக்குக்கூடப் பணிகின்றன.

வண்ணத் திரையில் ஒவ்வொரு படப்புள்ளியும் சிவப்பு, பச்சை, நீல வடிகட்டிகள் கொண்ட மூன்று உட்பிரிவுகளால் ஆனது. ஒவ்வோர் உட்பிரிவுக்கும் மெல்லிய படல டிரான்சிஸ்டர் ஒன்று மின்னழுத்தத்தைக் கட்டுப்படுத்துகிறது.

இந்தக் கண்டுபிடிப்பு ஆய்வகத்திலிருந்து கைக்கு வர ஏன் இவ்வளவு காலம் ஆயிற்று?

அறை வெப்பநிலையில் நிலைத்திருக்கும் பொருள் இல்லாததே முதன்மைக் காரணம். 1968இல் அமெரிக்காவின் ஆர்.சி.ஏ. நிறுவனத்தில் ஜார்ஜ் ஹைல்மையரின் குழு முதல் திரவப் படிகக் காட்சித் திரைகளை அறிமுகப்படுத்தியது. அதில் மின்சாரம் பாயும்போது தெளிந்த படலம் கொந்தளித்து வெண்மையாகக் கலங்கியது. அந்தக் கலங்கலே எழுத்தாகத் தெரிந்தது. முறுக்கு நெமாட்டிக் முறைக்கு சுவிட்சர்லாந்தில் பணியாற்றிய மார்ட்டின் ஷாட்டும் வுல்ஃப்காங் ஹெல்ஃப்ரிக்கும் 1970 டிசம்பரில் காப்புரிமை கோரினர். அமெரிக்காவில் ஜேம்ஸ் ஃபெர்கசனும் இதே முறையைத் தனியாக உருவாக்கினார்.

முறை கிடைத்தும் பொருள் கிடைக்கவில்லை. அன்று கையில் இருந்த சேர்மங்கள் ஈரம் பட்டாலே சிதைந்தன. இங்கிலாந்தின் ஹல் பல்கலைக்கழகத்தில் ஜார்ஜ் கிரேயின் குழு 1970களின் தொடக்கத்தில் உருவாக்கிய சயனோபைபீனைல் சேர்மங்கள் அந்தச் சிக்கலைத் தீர்த்தன. ஐந்து கார்பன் வால் கொண்ட சயனோபைபீனைல் ஏறத்தாழ 24 முதல் 35 டிகிரி வரை நெமாட்டிக்காக இருக்கும். இந்த இடைவெளி போதாது. ஆனால் தக்க சேர்மங்களைக் கலந்தால் உருகுநிலை தாழ்ந்து பயன்படும் எல்லை விரிகிறது. இன்றும் எந்தத் திரையிலும் தனிச் சேர்மம் இருப்பதில்லை, பல சேர்மங்களின் கலவையே இருக்கிறது. ஹைல்மையரின் பெயரும் ஷாட்டின் பெயரும் பேசப்படும் அளவுக்குக் கிரேயின் பெயர் பேசப்படுவதில்லை, அது குறைதான்.

எல்.இ.டி. தொலைக்காட்சிக்கும் எல்.சி.டி. தொலைக்காட்சிக்கும் என்ன வேறுபாடு?

எல்.இ.டி. என்ற பெயரில் விற்கப்படுபவற்றுள் பெரும்பாலானவை எல்.சி.டி. திரைகளே. திரவப் படிகம் தானாக ஒளிர்வதில்லை. பின்னிருந்து வரும் ஒளியைத் திறந்தும் அடைத்தும் விடும் மடையாகவே பணியாற்றுகிறது. அந்தப் பின்னொளி முன்பு ஒளிர்குழாய்களிலிருந்து வந்தது, இப்போது எல்.இ.டி.களிலிருந்து வருகிறது. ஓ.எல்.இ.டி. உண்மையிலேயே வேறானது. அதில் படப்புள்ளிகளே ஒளிர்கின்றன, திரவப் படிகம் இல்லை.

குளிரில் திரை மந்தமாவதும், கறுப்புக் கண்ணாடி அணிந்தால் திரை இருள்வதும் ஏன்?

குளிரில் பாகுநிலை கூடுவதால் மூலக்கூறுகள் மெதுவாகத் திரும்புகின்றன. மிகுந்த வெப்பத்தில் வேறொன்று நடக்கிறது: கலங்கல் தெளியும் வெப்பநிலையான தெளிவுநிலையைத் தாண்டினால் திசை ஒழுங்கே போய்விடும், திரை கட்டுப்பாட்டை இழக்கும், ஆறியதும் பெரும்பாலும் மீளும். திரையிலிருந்து வெளிவரும் ஒளி தளவிளைவுற்றது என்பதால், தளவிளைவுக் கண்ணாடியின் தளம் அதற்குக் குறுக்காக அமையும் கோணத்தில் ஒளி மறிக்கப்படுகிறது. தலையைச் சாய்த்தால் மீண்டும் தெரியும்.

உயிர்களின் உடலிலும் திரவப் படிகங்கள் உண்டா?

உண்டு, அவை இல்லாமல் உயிரணு என்ற ஒன்றே இருக்க முடியாது. உயிரணுச் சவ்வில் உள்ள பாஸ்போலிப்பிடு என்னும் கொழுப்பு மூலக்கூறின் தலை நீரை நாடுகிறது, வால்கள் நீரை விலக்குகின்றன. எனவே அவை வால்களை உள்ளே மறைத்து, ஏறத்தாழ 5 நானோமீட்டர் தடிப்புள்ள ஈரடுக்குப் படலமாகச் சேர்கின்றன. அடுக்குக்குள் அவை பக்கவாட்டில் நழுவிக்கொண்டே இருப்பதால் சவ்வு கிழியாமல் வளைகிறது, புரதங்கள் அதில் மிதந்து இடம் மாறுகின்றன. சவ்வு இறுகிவிட்டால் இவை நின்றுபோகும். அதனால் குளிரில் வாழும் உயிர்கள் பல தம் சவ்வில் நிறைவுறாக் கொழுப்பின் பங்கைக் கூட்டி அதை இளக்கமாக வைத்துக்கொள்கின்றன. செறிவான டி.என்.ஏ. கரைசலும், கோல் வடிவப் புகையிலைத் தேமல் வைரஸின் கரைசலும் திரவப் படிகமாவது அறியப்பட்டது. சோப்புக் கரைசலில் செறிவைப் பொறுத்து உருளைகள் அறுகோணமாக அடுக்கப்பட்ட நிலையும் தட்டையான அடுக்கு நிலையும் தோன்றுகின்றன.

திரையைத் தவிர வேறு பயன்கள் உண்டா?

மின்சாரம் கொடுத்தால் தெளிந்து, நிறுத்தினால் வெண்மையாக மறைக்கும் சன்னல் கண்ணாடிகளும், ஒளிக்கற்றையின் வடிவத்தைப் புள்ளி புள்ளியாக மாற்றும் கருவிகளும், தேர்ந்த அலைநீளத்தை மட்டும் விடும் வடிகட்டிகளும் இருக்கின்றன. எனினும் என் மனத்தை மிகவும் கவர்ந்தது கெவ்லார் இழைதான். 1965இல் டூபான்ட் நிறுவனத்தில் ஸ்டெஃபனி குவோலெக் உருவாக்கிய பலபடிக் கரைசல், வழக்கம்போல் கெட்டியாகவும் தெளிவாகவும் இல்லாமல் நீர்த்தும் கலங்கியும் இருந்தது. துகள்கள் கலந்திருந்தால் நூற்கும் துளைகள் அடைத்துக்கொள்ளும் என்ற அச்சம் எழுந்தது. அவர் அதைக் கொட்டிவிடாமல் நூற்றுப் பார்க்கும்படி வலியுறுத்தினார். அந்தக் கலங்கல் மூலக்கூறுச் சங்கிலிகள் இணையாக நின்றதால் வந்தது. நூற்கும்போது அவ்வொழுங்கு அப்படியே இழையில் பதிந்தது. எடைக்கு எடை எஃகைப் போல ஐந்து மடங்கு வலிமையுள்ள அந்த இழை இன்று குண்டு துளைக்காத உடைகளில் இருக்கிறது.

இத்துறையில் இன்னும் கண்டறிய ஏதேனும் மீதி இருக்கிறதா?

இருக்கிறது. வழக்கமான நெமாட்டிக்கில் மூலக்கூறுகளின் தலைகள் இரு பக்கமும் சமமாகப் பிரிந்திருக்கும் என்று முதல் விடையில் சொன்னோம். அவை அனைத்தும் ஒரே பக்கம் தலைவைக்கும் நெமாட்டிக் இருக்கலாம் என்ற எண்ணத்தை 1916இலேயே மாக்ஸ் பார்ன் என்னும் ஜெர்மானிய இயற்பியலாளர் முன்வைத்தார். நூறாண்டுகள் அத்தகைய பொருள் எதுவும் கிடைக்கவில்லை. 2017இல் இங்கிலாந்திலும் ஜப்பானிலும் தனித்தனியே வெளியான இரு ஆய்வுகள் விசித்திரமாக நடந்துகொள்ளும் புதிய நெமாட்டிக் சேர்மங்களை விவரித்தன. 2020இல் அமெரிக்காவின் கொலராடோ பல்கலைக்கழகக் குழு, அவற்றுள் ஒன்றில் மூலக்கூறுகளின் மின் இருமுனைகள் (ஒரு முனை நேர்மின்னும் மறுமுனை எதிர்மின்னும் கொண்ட அமைப்புகள்) உண்மையாகவே ஒரே பக்கம் நோக்குவதைக் காட்டியது. ஃபெரோமின் நெமாட்டிக் எனப்படும் இந்நிலை மிகச் சிறிய மின்புலத்திற்கே திசை திரும்புகிறது. மீன்கூட்ட உவமை திருத்தம் எதுவும் இல்லாமல் பொருந்துவது இந்த ஒன்றுக்குத்தான்.